நம்பர் பிளேட் மச்சான்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலச் சிற்றூர்களில் தீயணைக்கப் போகிறவர்களில் பெரும்பாலோருக்குச் சம்பளம் கிடையாது. பகலில் பிளம்பர், பள்ளி ஆசிரியர், பால்பண்ணைக்காரர். இடுப்பில் பேஜர் அலறினால் தீயணைப்பு வீரர். 1736இல் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்ளின் ஒரு தன்னார்வப் படையைத் திரட்டிய காலத்திலிருந்து அங்கே இது ஊர் வழக்கம். ஆனால் நாம் பார்க்கப்போவது அந்த வீரரை அல்ல, அவருடைய மச்சானை.

மச்சானைக் கண்டுபிடிக்க அவர் காரின் முன்பக்கம் பார்த்தால் போதும். அரசாங்க நம்பர் பிளேட் அந்த மாநிலத்தில் பின்னால் மட்டும்தான். முன்பக்கம் உரிமையாளர் இஷ்டம். மற்றவர்கள் அங்கே தங்கள் கால்பந்து அணியின் பெயரை மாட்டுவார்கள். மச்சான் மாட்டியிருப்பது ‘தன்னார்வத் தீயணைப்பு வீரர் குடும்பம்’. பக்கத்தில் சிவப்பாக ஒரு மால்டா சிலுவை. ‘குடும்பம்’ மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் அளவில் இருக்கும். கடைக்காரரிடம் அவரே கேட்டு வாங்கிய அளவு அது.

அக்கா புருஷனின் பிக்கப் வண்டியில் நீல விளக்கு ஒன்று உண்டு. அது சுழல்வதால் சட்டப்படி யாரும் வழிவிட வேண்டியதில்லை, விடுவது மரியாதைக்காக. மளிகைக் கடைக்குப் போகும்போது அந்த மரியாதை தனக்கும் வேண்டும் என்று மச்சான் விளக்கை ஒருநாள் இரவல் கேட்டார். அக்கா பார்த்த பார்வையில் கோரிக்கை அணைந்துவிட்டது.

காப்பிக் கடையில் அவர் பேச்சு முழுக்கத் தன்மைப் பன்மைதான். “ராத்திரி எங்களுக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. மர அறுவை ஆலையில் தீ. விடிய விடியப் போராடினோம்.” அக்கா புருஷன் புகையில் இருமிக்கொண்டிருந்த அந்நேரம் மச்சான் போராடியது போர்வையோடு.

ஒருமுறை வேகமாகப் போனதற்குப் போலீஸ்காரர் நிறுத்தினார். மச்சான் பணிவோடு முன்பக்கப் பலகையைச் சுட்டிக் காட்டினார். “எந்த நிலையம்?” என்று கேட்டார் போலீஸ்காரர். சொன்னார். “நானும் அங்கேதான் வாலண்டியர். உங்களைப் பார்த்ததே இல்லையே” என்றபடி அபராதச் சீட்டை நீட்டினார்.

இருந்தாலும் மச்சானை ஒதுக்கிவிட முடியாது. தன்னார்வ நிலையங்கள் பிங்கோ, பான்கேக் விருந்து, கோழி பார்பிக்யூ என்று நடத்திப் பணம் திரட்டுகின்றன. பார்பிக்யூ நாளன்று விடிவதற்கு முன்பே கரி மூட்டிக் காத்திருப்பவர் மச்சான்தான். மதியம்வரை நெருப்பின் முன் நின்று, வரிசை வரிசையாகக் கோழியைப் புரட்டிப் போடுவார். அக்கா புருஷன் அணைக்கிறார், இவர் மூட்டுகிறார்.

நாட்டில் 1984இல் ஏறத்தாழ 9 லட்சமாக இருந்த தன்னார்வ வீரர்கள் 2020இல் 7 லட்சத்துக்கும் கீழே போய்விட்டார்கள். ஆள் தேடி அலையும் நிலையத் தலைவர் பார்பிக்யூ அடுப்பருகே வந்து, “நீங்களே சேர்ந்துவிடலாமே” என்று விண்ணப்பப் படிவத்தை நீட்டினார்.

மச்சான் இடுக்கியைக் கீழே வைக்காமல் சொன்னார்: “நானும் தீயணைக்கப் போய்விட்டால் கோழியை யார் புரட்டுவது?”

போன வருஷம் வாங்கிய புதுக் குழாய்களுக்குப் பணம் வந்த வழி தலைவருக்குத் தெரியும். படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, இரண்டு தட்டு கோழி வாங்கிக்கொண்டு போனார்.