நிர்வாகக் காரணங்களால் வேன் வராது

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் வெளியூர்க்காரருக்கு வீட்டு வழி சொல்வது இப்போது பெரும்பாடு. 'ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்ல' என்றால் எந்த ஆஸ்பத்திரி என்கிறார்கள். பேரைச் சொன்னால், கண்ணா, எலும்பா, இருதயமா என்று அடுத்த கேள்வி. இரண்டு ஆஸ்பத்திரிக்கு நடுவே ஒரு மருந்துக்கடை, இரண்டு மருந்துக்கடைக்கு நடுவே ஒரு ஸ்கேன் சென்டர். தப்பிப் பிழைத்தது ஒரு டீக்கடை. அந்த அண்ணாச்சியும் 'சீனி போடலாமா' என்று கேட்காமல் கிளாஸை நீட்டுவதில்லை. வடக்கு பைபாஸ், தெற்கு பைபாஸ் என்று எங்களுக்கு இரண்டு சாலை உண்டு. மூன்றாவது பைபாஸ் கட்டடங்களுக்குள்ளே நடக்கிறது. 'அவரு பைபாஸ்ல இருக்காரு' என்று யாராவது சொன்னால், ரோட்டிலா ஐ.சி.யு.விலா என்று விசாரித்துவிட்டுத்தான் முகத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் நடுவே ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பேர் சொல்ல மாட்டேன். எனக்கு அங்கே இன்னும் ஒரு ரிவ்யூ பாக்கி இருக்கிறது. அதற்கு இரண்டு கட்டடம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் பழசு, அந்தப் பக்கம் புதுசு. டாக்டர் பழசில் உட்காருவார். அவர் எழுதுகிற ஸ்கேன் புதுசில் இருக்கும். அந்த ஸ்கேனைப் பார்த்து 'ஒண்ணுமில்லை' என்று சொல்ல வேண்டியவர் மறுபடியும் பழசில் இருப்பார். ஒண்ணுமில்லை என்பதற்கு எழுதிய மாத்திரை புதுசில் மட்டும்தான் ஸ்டாக். தமிழ்நாட்டில் ஆஸ்பத்திரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே தபால்காரர் யார் என்றால் நோயாளிதான். பிளாஸ்டிக் பையில் எக்ஸ்ரேயைச் சுருட்டிக்கொண்டு, வலிக்கிற காலோடு அலைகிறவருக்கு அந்த உத்தியோகத்தில் சம்பளமும் கிடையாது, பென்ஷனும் கிடையாது.

இந்தத் தபால் வேலைக்காக ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு வெள்ளை வேன் விட்டிருந்தார்கள். 'நோயாளிகளுக்கு மட்டும் – இலவசம்' என்று பக்கவாட்டில் எழுதியிருக்கும். இதில் 'இலவசம்' என்பதை மட்டும் படிக்கும் அளவுக்கு எங்கள் தெருவில் எல்லோருக்கும் கண் நன்றாகத் தெரியும்.

காலையில் முதல் நடையில் நர்ஸ் பிள்ளைகள் ஏறுவார்கள். அடுத்த நடையில் நிஜமான நோயாளிகள். பதினொரு மணிக்கு மேல் வேன் ஊர்ப் பொதுச்சொத்து. ஜங்ஷனில் காய்கறி வாங்கப் போகிறவர், ரயிலுக்கு டிக்கெட் எடுக்கப் போகிறவர், மருமகளோடு சண்டை போட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போகிறவர் என்று ஒரு கூட்டம் செல்லப்பாண்டியன் சிலைப் பக்கம் நின்று கை காட்டும். டிரைவர் நல்ல மனுஷன். "சீட்டு இருக்கா?" என்று மட்டும் கேட்பார். சீட்டு என்றால் ஓ.பி. சீட்டு. தெருவில் எல்லோரிடமும் ஒன்று இருந்தது. யாருக்கு எப்போது என்ன வந்தது என்பது முக்கியமில்லை. எங்கள் வளைவு ஆச்சி ஒருத்தி தன் சீட்டை லேமினேஷன் பண்ணி, முந்தானை முடிச்சில் பூட்டுச்சாவியோடு வைத்திருந்தாள். "ஆச்சி, உங்களுக்கு என்ன செய்யுது?" என்று கேட்டேன். "எனக்கென்னய்யா, கல்லு மாரி இருக்கேன். சீட்டுதான் கிழிஞ்சிரப்பிடாதுன்னு பாத்தேன்" என்றாள்.

வேனுக்குள்ளே ஒரு தனி வைத்தியசாலை நடந்தது. திசையன்விளையிலிருந்து வந்தவர் ஃபைலைத் திறப்பார், சங்கரன்கோவில்காரர் எட்டிப் பார்ப்பார். "சாப்பிடறதுக்கு முன்னாடி எவ்வளவு வே?" "நூத்தி எண்பது." "அட, இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீரு? நமக்கு முந்நூறு." முந்நூறுக்காரருக்கு அப்போது முகத்தில் ஒரு பிரகாசம் வரும். டாக்டர் மூன்று நிமிஷத்தில் சொல்லாமல் விட்டதை, வேனில் முருங்கைக்கீரைக்காரர், வெந்தயக்காரர், ஆவாரம்பூக்காரர் என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லி முடித்திருப்பார்கள். பாலம் தாண்டுவதற்குள் நோயாளி பாதி குணமாகிவிடுவார். மீதிப் பாதிக்குத்தான் ஆஸ்பத்திரி பில் போட்டது.

திடீரென்று ஒரு நாள் வேனைக் காணோம். வாசல் கண்ணாடியில் ஒரு தாள்: 'நிர்வாகக் காரணங்களால் இலவச வாகன சேவை நிறுத்தப்படுகிறது.' கீழே சீல், கையெழுத்து, அதற்கும் கீழே 'தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி'. நிறுத்துவதில் நான் எப்படி ஒத்துழைத்தேன் என்று எனக்கு விளங்கவில்லை.

செக்யூரிட்டியிடம் போனேன். அவர் எனக்கு வயதில் மூத்தவர்.

"அண்ணாச்சி, வேன் என்னாச்சு?"

"நின்னுட்டு சார்."

"ஏன் நின்னுட்டு?"

"நிர்வாகக் காரணம்."

"அப்படீன்னா என்ன அண்ணாச்சி?"

"எனக்கு எப்படி சார் தெரியும்? சம்பளம் ஏன் லேட்டுன்னு கேட்டா, எனக்கும் அதத்தான் சொல்லுதாவ."

காரணம் இன்னதென்று பிறகு கசிந்தது. வேனில் ஏறுகிறவர்களில் பாதிப்பேருக்கு வியாதியே இல்லையாம். எனக்கு இது குற்றச்சாட்டாகவே படவில்லை. வந்து போகிறவர்களில் பாதிப்பேர் ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்றால் ஒரு ஆஸ்பத்திரி அதை போர்டு வைத்து அல்லவா சொல்ல வேண்டும்? அதோடு, வேன் நின்ற அதே வாரம் வாசலில் வேறொரு போர்டு வந்தது: 'வாலே பார்க்கிங் – இலவசம்.' காரில் வருகிறவர் சாவியை நீட்டினால் போதும், ஒரு பையன் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்துவான். கார் இல்லாதவரைத் தூக்கிக்கொண்டு போய் எங்கேயாவது நிறுத்த ஆள் இல்லை.

"வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கா பஞ்சம்?" என்று என் மைத்துனர் சென்னையிலிருந்து போனில் கேட்டார். நியாயமான கேள்வி. 1974-இல் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் என்று ஆரம்பித்து, இப்போது அரசுப் போக்குவரத்துக் கழகம் திருநெல்வேலி என்று பேர் மாறிய அமைப்பின் தலைமை அலுவலகமே எங்கள் ஊரில்தான் இருக்கிறது. பஸ் எங்களைத் தாண்டாமல் எங்கும் போக முடியாது. ஆனால் தாண்டித்தான் போகிறது. ஆஸ்பத்திரி வாசலுக்கும் பஸ் நிற்கிற இடத்துக்கும் நடுவே உள்ள தூரத்தை முட்டி நன்றாக இருக்கிறவர்தான் நடக்க முடியும். முட்டி நன்றாக இருக்கிறவர் ஆஸ்பத்திரிக்கு ஏன் வருகிறார்?

ஆச்சிக்கு முட்டியும் பிரச்சினை இல்லை, பஸ் காசும் பிரச்சினை இல்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. வேன் நின்ற சேதியைச் சொன்னபோது அவள் லேமினேஷன் சீட்டை ஒரு தரம் திருப்பிப் பார்த்தாள். "போவுது மூதி. நமக்குத்தான் பஸ்ஸு இருக்கே" என்றாள். கஷ்டமெல்லாம் ஆண்பிள்ளை நோயாளிக்குத்தான். நானும் என் வீட்டம்மாவும் ஒரே பஸ்ஸில் ஏறினால் அவளுக்குக் கட்டணமில்லாச் சீட்டு, எனக்குக் கட்டணச் சீட்டு. வியாதி எனக்கு, சலுகை துணைக்கு வருகிற அவளுக்கு. அறுபது தாண்டியவர்களுக்கு மாதம் 10 டோக்கன் என்று ஒரு ஏற்பாடு சென்னை மாநகரப் பஸ்ஸில் உண்டு. மைத்துனர் அதை வாங்கி வைத்துக்கொண்டுதான் எனக்குப் புத்தி சொல்கிறார்.

"108 இருக்கே" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு வந்த அந்த வண்டி எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அதைக் கேலி பேசினால் நாக்கு அழுகும். ஆனால் போனை எடுத்ததும் அந்தப் பக்கம் மூச்சு இருக்கிறதா, ரத்தம் போகிறதா என்று கேட்பார்கள். "இல்லம்மா, தைராய்டு ரிப்போர்ட் வாங்கணும்" என்று எந்த முகத்தோடு சொல்வது?

ஆகவே ஷேர் ஆட்டோ. முன்னால் டிரைவரோடு மூன்று பேர், பின்னால் எத்தனை பேர் என்று கடவுளுக்கும் டிராபிக் போலீசுக்கும் மட்டும் தெரியும். என் எக்ஸ்ரே ஒரு தடவை இன்னொருவர் மடியில் பயணம் செய்து, அவரோடு டவுன் வரை போய்த் திரும்பி வந்தது.

இப்படி நெருக்கிக்கொண்டு ஆற்றைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு சுலோசன முதலியார் ஞாபகம்தான். நாங்கள் போகிற பாலம் அவருடையது. பாலம் வருவதற்கு முன்னால் பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே படகுதான். படகுக்காரர் மனம் வைத்தால் அக்கரை, இல்லாவிட்டால் இக்கரை. ஈ.பி. தாம்சன் கலெக்டராக இருந்தபோது பாலம் கட்டலாம் என்று பேச்சு வந்தது. ஏறத்தாழ 50,000 ரூபாய் ஆகும் என்றார்கள். அந்தக் காலத்து 50,000. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தார் வேலை பார்த்த முதலியார், மொத்தச் செலவும் என்னுடையது என்று சொல்லிவிட்டார். அவர் மனைவி நகையைக் கழற்றிக் கொடுத்ததாக ஊரில் ஒரு கதை உண்டு. கழற்றும்போது அந்த அம்மாள் என்ன சொன்னாள் என்பதை மட்டும் கதை சொல்கிறவர்கள் சொல்வதில்லை. 1843-இல் பாலம் திறந்தது, 11 வளைவுகளோடு. லண்டன் வாட்டர்லூ பாலத்தைப் பார்த்துக் கட்டியது என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த வாட்டர்லூ பாலத்தில் 1878 வரை கடந்து போகிறவரிடம் காசு வாங்கினார்கள். லண்டனில் அசலுக்குக் கட்டணம், திருநெல்வேலியில் நகலுக்கு இலவசம். முதலியாருக்கு மட்டும் நடுவில் ஒரு நிர்வாகக் காரணம் தோன்றியிருந்தால், நான் எக்ஸ்ரேயைத் தலையில் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்திருப்பேன்.

ஓசியில் ஆளை ஏற்றிக்கொண்டு போனால் ஆஸ்பத்திரி நொடித்துப் போகும் என்று சொல்கிறவர்கள் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜங்ஷனில் சுவாமி நெல்லையப்பர் நெடுஞ்சாலை வரை ஒரு நடை போய் வரலாம். அங்கே அரவிந்த் கண் மருத்துவமனை 1988-லிருந்து நடக்கிறது. அதை ஆரம்பித்த டாக்டர் ஜி. வெங்கடசாமி எட்டயபுரத்துப் பக்கம் வடமலாபுரத்துக்காரர். அவர் பிறந்த காலத்தில் அது எங்கள் ஜில்லா. 1976-இல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கினார். ஆபரேஷன் இலவசம் என்று தண்டோரா போட்டாலும் கிராமத்து ஆள் வருவதில்லை என்பதை அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் கண்டுகொண்டார்கள். பஸ் காசு, சாப்பாட்டுச் செலவு, துணைக்கு வருகிறவரின் கூலி எல்லாம் சேர்ந்தால் இலவச ஆபரேஷன் விலை கூடியதாகிவிடுகிறது. அதனால் முகாமில் பார்த்து, பஸ்ஸில் ஏற்றி, புரையை எடுத்து, சோறு போட்டு, திரும்ப ஊரில் கொண்டுபோய் இறக்கினார்கள். பஸ் விட்டதால் அந்த ஆஸ்பத்திரி இளைத்துப் போகவில்லை, ஊர் ஊராகக் கிளை விட்டது.

சர்க்காருக்கும் இது தெரியாததல்ல. 2011-இல் மத்திய அரசு கொண்டுவந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில், அரசு ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்கு வருகிற பெண்ணுக்கு வீட்டிலிருந்து வர வண்டி இலவசம், திரும்பிப் போக இலவசம், ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினால் அதற்கும் இலவசம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அனுப்புகிறவர்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்ற எளிய கணக்கு. அந்தக் கணக்கு கர்ப்பிணிக்குப் பொருந்தும், கணையத்துக்குப் பொருந்தாதா? என் வயிற்றைப் பார்த்தால் எனக்கும் அந்தச் சலுகையில் ஒரு உரிமை இருப்பதாகவே தோன்றும்.

ஆச்சி ஓசியில் மார்க்கெட் போனது தப்புத்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வேன் தர்மம் இல்லை. இரண்டு கட்டடம் கட்டியது நோயாளி கேட்டு அல்ல, அவர்கள் வசதிக்கு. பழைய கட்டடத்துக்கும் புதுக் கட்டடத்துக்கும் நடுவே ஒரு வராந்தா இருந்திருக்க வேண்டும். ஆறு குறுக்கே வந்துவிட்டதால் அந்த வராந்தாவுக்குச் சக்கரம் வைத்து, டீசல் ஊற்றி ஓட்டினார்கள். அதைத்தான் வேன் என்றோம். லிஃப்டில் ஏறுகிறவரிடம் யாரும் டிக்கெட் கேட்பதில்லை. லிஃப்டில் சும்மா ஏறி இறங்குகிற பையன்களைப் பார்த்துவிட்டு, இனி லிஃப்ட் ஓடாது, ஒத்துழைப்புக்கு நன்றி என்று தாள் ஒட்டுவதும் இல்லை. பையன்களைத்தான் விரட்டுகிறார்கள். ஆச்சியையும் விரட்டியிருக்கலாம். அவளை விரட்ட ஆள் கிடைப்பது கஷ்டம் என்பது வேறு விஷயம்.

இல்லையென்றால் இன்னொன்று செய்யலாம். ரிப்போர்ட்டை மட்டும் கம்ப்யூட்டரில் அக்கரைக்கு அனுப்பிவிட்டு என்னை இக்கரையிலேயே உட்கார வைக்கலாம். இதையும் கவுன்டரில் சொல்லிப் பார்த்தேன். "சிஸ்டத்துல இருக்கு சார், ஆனா டாக்டர் பேப்பர்ல பாத்தாத்தான் பாப்பாரு" என்றாள் அந்தப் பெண். பில் தொகை மட்டும் நான் பாலம் தாண்டுவதற்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

அதனால் உங்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பக்கம் ரிவ்யூவுக்கு வருகிறவர்கள் பத்து ரூபாய்த் தாளாகக் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஷேர் ஆட்டோவில் ஐநூறை நீட்டினால் இறக்கிவிட்டுவிடுவார்கள். அக்கரைக்கும் இக்கரைக்கும் கொடுத்த காசை ஒரு தாளில் எழுதி, பில் கட்டுகிற இடத்தில் நீட்டி, இதைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று கேளுங்கள். கழிக்க மாட்டார்கள். இருந்தாலும் எல்லோரும் கேளுங்கள். வரிசை நகராவிட்டால் மேல்மாடியிலிருந்து ஒருவர் இறங்கி வருவார். அவரிடம் வேனைப் பற்றி மட்டும் பேசுங்கள். ஆச்சியைப் பற்றி வாயைத் திறக்க வேண்டாம்.