விபீஷணன் குட்டாவது குட்டினான்

திருச்சிக்காரர்களுக்கு இந்தக் கதையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ரங்க விமானத்தோடு இலங்கைக்குப் போய்க்கொண்டிருந்த விபீஷணனுக்குக் காவிரிக் கரையில் சந்தியாவந்தன வேளை வந்தது. விமானத்தைத் தரையில் வைக்கக் கூடாது என்பது நிபந்தனை. அங்கே நின்ற பையன் ஒருவனிடம் "கொஞ்சம் பிடிச்சுக்கோ தம்பி" என்று கொடுத்தான். பையன் கீழே வைத்துவிட்டு ஓட்டம் பிடித்தான். விபீஷணன் துரத்திப்போய் மலை உச்சியில் மடக்கி, நெற்றியில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தான். உச்சிப்பிள்ளையார் நெற்றியில் அந்தப் பள்ளம் இன்றும் இருக்கிறது என்பார்கள்.

கிரிப்டோ வியாபாரத்தில் இப்படிப் பிடித்துக்கொள்ளும் வேலைக்குக் கஸ்டடி என்று பெயர். அதற்கென்று தனிக் கம்பெனிகளே உண்டு. ஆனால் விபீஷணன் கொடுத்துவைத்தவன். ஓடியவன் கண்ணெதிரே ஓடினான், மலைக்கோட்டைக்குத்தான் ஓடினான். வசீர்எக்ஸ் என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் பணம் போட்ட நம் பிள்ளைகளுக்குக் குட்டுவதற்கு ஒரு நெற்றிகூடச் சிக்கவில்லை.

2024 ஜூலை 18. வசீர்எக்ஸின் ஒரு வாலட்டிலிருந்து 23 கோடி டாலர், நம் கணக்கில் ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய், களவு போனது. அந்த வாலட்டுக்கு ஆறு சாவிகள். ஐந்து வசீர்எக்ஸ் ஆட்களிடம், ஒன்று லிமினல் என்ற கஸ்டடி கம்பெனியிடம். வசீர்எக்ஸ் ஆட்களில் மூவரும் லிமினலும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் திறக்கும். சேர்ந்தார்கள், திறந்தது. அப்புறம் இரு தரப்புமே தங்கள் பக்கம் ஓட்டை இல்லை என்று அறிக்கை விட்டன. இந்தப் பக்கம் பத்திரம், அந்தப் பக்கமும் பத்திரம், நடுவில்தான் 2,000 கோடியைக் காணோம். 2025 ஜனவரியில் அமெரிக்காவும் ஜப்பானும் தென்கொரியாவும் கூட்டாக, இது வடகொரியாவின் கைவரிசை என்று அறிவித்தன.

திருடன் வடகொரியன். இருக்கட்டும். திருடு போகாத பணத்தைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டது யார்?

ரூபாய் இருப்பை எந்த வடகொரியனும் தொடவில்லை. அதிலும் 66 விழுக்காட்டுக்குத்தான் கதவைத் திறந்தார்கள். மீதி 34 விழுக்காடு விசாரணையில் இருக்கிறது, தகராறில் இருக்கிறது என்றார்கள். காயின்களுக்கு வேறொரு யோசனை வைத்தார்கள்: 55 விழுக்காட்டை எடுத்துக்கொள்ளலாம், 45 பூட்டில் இருக்கும். யாருடைய காயின் போனது, யாருடையது போகவில்லை என்ற கணக்கே கிடையாது, இழப்பு எல்லோருக்கும் பொது. லாபம் கொழித்த வருஷங்களில் இவர்கள் யாருக்காவது இலை போட்டார்களா? எச்சில் இலை எடுக்க மட்டும் ஊரையே கூப்பிடுகிறார்கள்.

சரி, முதலாளி யார், அவரிடமாவது கேட்போம் என்றால், அதற்கே பஞ்சாயத்து. 2019-இல் உலகின் பெரிய எக்ஸ்சேஞ்சான பைனான்ஸ், வசீர்எக்ஸை வாங்கிவிட்டதாக அறிவித்தது. 2022 ஆகஸ்டில் அமலாக்கத் துறை வந்து வசீர்எக்ஸின் 64.67 கோடி ரூபாயை முடக்கியதும், நாங்கள் வாங்கவே இல்லை என்றது அதே பைனான்ஸ். வசீர்எக்ஸின் நிறுவனர் நிஷ்சல் ஷெட்டியோ, வாங்கியது வாங்கியதுதான் என்றார். சொத்துக்கு அடித்துக்கொள்ளும் வாரிசுகளைப் பார்த்திருக்கிறோம். இது எனக்கு வேண்டாம், உனக்கே இருக்கட்டும் என்று அடித்துக்கொண்ட வழக்கு.

நம் ஊருக்கு ஏமாறுவது புதிதல்ல. பிரணவ் ஜுவல்லர்ஸ் நகைத் திட்டத்தில் சுமார் 100 கோடி என்று 2023-இல் வழக்கு வந்தது. ஆனால் அங்கே பூட்டிய ஷட்டர் ஒன்று இருந்தது, அதன் முன்னால் நின்று மண்ணை வாரித் தூற்றலாம். முதலீட்டாளர்களைக் காக்க 1997-இல் தமிழ்நாடு போட்ட சட்டமும் இருந்தது. கிரிப்டோவில் ஷட்டரும் இல்லை, சட்டமும் இல்லை. கணக்குத் தொடங்க ஆதார் கேட்டார்கள், பான் கேட்டார்கள், முகத்தை இப்படித் திருப்பு அப்படித் திருப்பு என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டால் தாய்க் கம்பெனி ஜெட்டாய், அது இருப்பது சிங்கப்பூரில் என்றார்கள். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குப் பிள்ளைகள் கடன் வாங்கிப் போய், கட்டட வேலை பார்த்துப் பணம் அனுப்பிய காலம் உண்டு. இப்போது பணம் விசா இல்லாமல் தானே போய் உட்கார்ந்துகொண்டது.

அந்த ஊர் நீதிமன்றத்தில், பணம் கேட்டு யாரும் வழக்குப் போடாதபடி தடைக்காலம் வாங்கி, மறுசீரமைப்புத் திட்டம் என்று ஒன்றைத் தயாரித்து, ஏமாந்தவர்களிடமே ஓட்டுக் கேட்டார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் கம்பெனியைக் கலைக்க நேரும், பணம் வர 2030 ஆகலாம் என்ற பயமுறுத்தலும் கூடவே வந்தது. 93 விழுக்காடு ஆதரவு. அந்தத் திட்டத்தை 2025 ஜூனில் சிங்கப்பூர் நீதிமன்றமே ஏற்கவில்லை. திருத்தி எழுதி ஆகஸ்டில் மறுபடி ஓட்டு, 95.7 விழுக்காடு. கழுத்தில் கையை வைத்துக் கேட்டால் 100 விழுக்காடே வந்திருக்க வேண்டும். மீதி நாலே சொச்சம் விழுக்காட்டுக்காரர்களின் நெஞ்சுரத்துக்கு ஒரு கும்பிடு. அக்டோபரில் ஒப்புதல் கிடைத்து, 15 மாதம் கழித்துக் கடை திறந்தது.

இத்தனை நாளும் அரசாங்கம் என்ன செய்தது என்று கேட்காதீர்கள். வரி வாங்கிக்கொண்டிருந்தது. நிர்மலா சீதாராமன் நம் சீதாலட்சுமி ராமசாமி கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். 2022 பட்ஜெட்டில் கிரிப்டோ லாபத்துக்கு 30 விழுக்காடு வரி போட்டார். விற்றாலே 1 விழுக்காடு பிடித்தம், லாபமோ நட்டமோ. இது சட்டபூர்வமா இல்லையா என்பது வேறு கேள்வி, வரி போடுவது அரசின் இறையாண்மை உரிமை என்று மாநிலங்களவையில் சொன்னார். ஒரு காயினின் நட்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில் கழிக்கவும் வழியில்லை. அதாவது, உன் நட்டத்தை உனக்குள்ளேயே பங்கிடக் கூடாது என்கிறது அரசு. ஊரான் நட்டத்தை உன்னோடு பங்கிட்டே தீருவேன் என்கிறது எக்ஸ்சேஞ்ச். இரண்டு கணக்கிலும் தோற்கிறவன் ஒரே ஆள்தான். அந்த ஆள் உச்ச நீதிமன்றத்துக்கும் போய்ப் பார்த்தான். கொள்கை விஷயம் என்று 2025 ஏப்ரலில் திருப்பி அனுப்பினார்கள்.

உருப்படியாக ஒன்று நடந்தது சென்னையில். 2024 ஜனவரியில் 1,98,516 ரூபாய்க்கு வசீர்எக்ஸில் எக்ஸ்ஆர்பி காயின் வாங்கிய ஒருவர் உயர் நீதிமன்றம் போனார். சிங்கப்பூர்த் திட்டம் அவரையும் கட்டுப்படுத்தும் என்று கம்பெனி வாதாடியது. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2025 அக்டோபர் 25 தீர்ப்பில் சிடுக்கை அவிழ்த்தார்: கிரிப்டோ ஒரு சொத்து, ஒருவருக்காக இன்னொருவர் நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கக்கூடிய சொத்து. திருடு போனது வேறு வகை டோக்கன்கள், இவருடைய எக்ஸ்ஆர்பி அல்ல. நடுவர் விசாரணை முடியும்வரை 9.56 லட்சத்துக்கு வங்கி உத்தரவாதம் கொடு என்றார். பணம் இன்னும் கைக்கு வந்ததாக அர்த்தமில்லை. ஆனால் ஓடியவனை யாரோ ஒருவர் துரத்திப் பிடித்திருக்கிறார். குட்டு இனிமேல்தான்.

பணம் மாட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. டெலிகிராமில் வந்து, முன்பணம் கட்டினால் மீட்டுத் தருகிறேன் என்பவன் அடுத்த திருடன். அவனிடம் மிச்சத்தையும் கொடுக்காதீர்கள், 1930-க்கு அழையுங்கள். பணம் எந்தத் தேதியில், எந்த வங்கிக் கிளையிலிருந்து போனது என்ற பட்டியலை எடுத்து வையுங்கள். சென்னை வழக்கை இங்கேயே விசாரிக்கலாம் என்று நீதிமன்றம் முடிவு செய்ததற்கு, பணம் சென்னை வங்கிக் கணக்கிலிருந்து போனதும் ஒரு காரணம். திருச்சிக்காரர்களுக்கு உயர் நீதிமன்றம் என்றால் மதுரைக் கிளை. பஸ்ஸில் இரண்டரை மணி நேரம்.