கணக்கு வாத்தியார் ஆகலாமா?

கணிதத்தைப் பிரதான பாடமாக எடுத்துப் பி.ஏ. தேறி, மேற்கொண்டு இன்னது செய்வதென்ற நிச்சயமில்லாமல் கும்பகோணத்துத் திண்ணை ஒன்றில் உட்கார்ந்திருக்கும் வாலிபனுக்கு உபதேசம் செய்யாமல் அந்தத் தெருவைக் கடந்து போகிறவர்கள் இரண்டே வகையினர்: பேச்சு வராத குழந்தைகளும், அவனுக்குக் கடனைத் திருப்பித் தரவேண்டியவர்களும். எனக்கு ஒருவரும் கடன்பட்டிருக்கவில்லை. ஆகையால் உபதேசம் தடையின்றிக் கிடைத்தது.

“சைதாப்பேட்டைக்குப் போய் வாத்தியார் பயிற்சியை முடித்துக்கொண்டு வா, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார் என் சிற்றப்பா. அவருடைய கட்சி மிகவும் தெளிவானது. தமிழ்ப் பண்டிதர் எப்பேர்ப்பட்ட மகாவித்துவானாயிருந்தாலும் மாலை வேளையில் அவர் வீட்டு வாசலில் வந்து நிற்பவை அவருடைய சொந்தப் பசுவும் கன்றும்தான். கணக்கு வாத்தியார் வீட்டு வாசலோ, மாசி பிறந்து பரீட்சை நெருங்கிவிட்டால், டியூஷன் பிள்ளைகள் கழற்றிப்போட்ட செருப்புகளால் உற்சவ காலத்துக் கோயில் வாசலை ஒத்திருக்கும். பள்ளிக்கூடச் சம்பளம் அரிசிக்கு. டியூஷன் வரும்படி பெண்ணின் கல்யாணத்துக்கு. பெண்ணுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால் பெண்ணின் தகப்பனுக்கல்லவோ ஆகவேண்டும் என்று நான் விநயமாகக் கேட்டபோது, சிற்றப்பா என் தாய்மாமன் பக்கம் திரும்பினார். மாமா, தாமும் ஒரு பெண்ணைப் பெற்றவராகையால், இவ்விஷயத்தில் அபிப்பிராயம் சொல்ல விசேஷ அருகதை வாய்ந்தவர். “இந்தக் காலத்தில் தாலுக்கா கச்சேரி குமாஸ்தாவுக்குத்தான் மதிப்பு” என்று சொல்லிவிட்டு, மேலே பேச்சு வளராதிருக்கும் பொருட்டு வாய் நிறைய வெற்றிலையைப் போட்டுக்கொண்டார்.

வரும்படி ஒருபுறம் இருக்கட்டும். கணக்குப் புஸ்தகத்தில் விவரிக்கப்படும் உலகத்தை முகத்தில் புன்னகை அரும்பாமல் பிறருக்கு உபதேசிக்கும் திடசித்தம் எனக்கு உண்டா என்பதுதான் என்னை வாட்டிய சந்தேகம். ஒரு தொட்டி, அதை ஒரு குழாய் 3 மணி நேரத்தில் நிரப்புகிறது, மற்றொரு குழாய் 4 மணி நேரத்தில் காலியாக்குகிறது. இரண்டையும் ஒருங்கே திறந்துவிட்டால் தொட்டி நிரம்ப 12 மணி நேரம் ஆகும் என்று நிரூபித்துவிடலாம். ஆனால் அவ்விதம் திறந்துவிட்ட புண்ணியவான் யார், அவனை வீட்டுப் பெரியவர்கள் ஏன் கண்டிக்கவில்லை என்று கேட்கும் பையனை “உட்காரடா” என்று அதட்ட என்னால் ஆகுமா? ஒரு கொத்தனார் 12 நாளில் எழுப்பும் சுவரை இரண்டு கொத்தனார்கள் 6 நாளில் எழுப்பிவிடுவார்கள் என்று புஸ்தகம் சொல்லுகிறது. எங்கள் கொல்லைச் சுவர் இடிந்தபோது இரண்டு பேரை ஏககாலத்தில் வேலைக்கு அமர்த்தி, ஒருவர் ஊர் வர்த்தமானங்களைச் சொல்ல மற்றவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டதைக் கண்ணாரக் கண்டவன் நான்.

இது போதாதென்று, 1957ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் முதல் தேதி சர்க்கார் நயா பைசாவைப் புழக்கத்தில் விட்டார்கள். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி என்றிருந்த புராதன ஏற்பாடு போய், ரூபாய்க்கு 100 நயா பைசா என்றாகிவிட்டது. ஓரணா என்பது 6¼ நயா பைசா. கால் நயா பைசாவுக்குச் சர்க்கார் நாணயம் அடிக்கவில்லை. தாத்தா எண்சுவடியை மனனம் செய்ததைக் காதால் கேட்டே மாகாணி, காணி என்று தொடங்கி 320இல் ஒரு பங்காகிய முந்திரி வரைக்கும் கணக்குத் தெரிந்துவைத்திருந்த என் பாட்டி, ஓரணாக் கீரைக்கு 6 பைசா கொடுத்தால் கீரைக்காரிக்கு நஷ்டம், 7 கொடுத்தால் தனக்கு நஷ்டம் என்பதை அன்று காலையிலேயே கண்டுபிடித்து, வாசலில் இருந்தபடியே எனக்குக் குரல் கொடுத்தாள். ஓரணா ஓரணாவாக 16 தடவை வாங்கினால் 96 பைசாதானே ஆயிற்று, மீதி 4 பைசா எங்கே போயிற்று என்று கீரைக்காரியும், அவளைத் தொடர்ந்து தெருவில் பாதிப்பேரும் என்னை நியாயம் கேட்டார்கள். வாத்தியாராவதற்கு முன்பே இவ்வளவு விசாரணை என்றால், ஆனபிறகு என்ன கதி!

இந்நிலையில் முன்னோர்களின் சரித்திரத்தை ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வரலாமென்று நினைத்தேன். எங்கள் ஊரில் கணிதம் என்றால் சாரங்கபாணி சந்நிதித் தெருவைக் காட்டுவார்கள். ராமானுஜன் வளர்ந்த வீடு அங்கேதான் இருக்கிறது. அந்த மகாமேதை சிறிது காலம் டியூஷன் சொல்லிக்கொடுத்ததும் உண்டு. ஆனால் பரீட்சைப் பாடத்திலே தொடங்கி, பரீட்சைக்கும் பாடத்துக்கும் அப்பாற்பட்ட அனந்தத்திலே சஞ்சரிக்கப் போய்விடுபவரிடம் எந்தப் பிள்ளை தேறுவான்? கடைசியில் 1912இல் சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். (மாமா இந்தத் தகவலை மிகுந்த திருப்தியுடன் கேட்டுக்கொண்டார்.) சீர்காழியில் பிறந்த, அந்நாளில் எங்கள் ஜில்லாக்காரரான ரங்கநாதனோ, அதே சைதாப்பேட்டையில் பயிற்சி பெற்று, மங்களூரிலும் கோயமுத்தூரிலும் சென்னை ராஜதானிக் கல்லூரியிலும் கணிதம் போதித்தவர். 1924இல் சர்வகலாசாலைப் புஸ்தகசாலைக்கு அதிகாரியாகப் போய், அங்கே நிலவிய நிசப்தத்தைப் பொறுக்கமாட்டாமல் என்னை வகுப்புக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று மன்றாடினார். அவரை லண்டனுக்கு அனுப்பிவைத்தார்கள். திரும்பி வந்தவர் உலகத்துப் புஸ்தகசாலைகளுக்கெல்லாம் சாஸ்திரம் வகுத்துவிட்டார்.

ஆக, கணிதம் அபாரமாகத் தெரிந்தவர் வகுப்பில் தரிப்பதில்லை. வகுப்பை நேசித்தவரையும் வேறு காரியம் கொண்டுபோய்விட்டது. எஞ்சியிருப்பவன் நான். பின்னத்தைப் பின்னத்தால் வகுக்க வேண்டுமானால் இரண்டாவதைத் தலைகீழாகத் திருப்பிப் பெருக்கு என்று சொன்ன மாத்திரத்தில் மேதைக்கு விளங்கிவிடுகிறது. ஏன் திருப்பவேண்டும் என்ற கேள்வி எழுந்து முதல் பாரத்தில் என் நித்திரையைக் கெடுத்தது. அந்தக் கேள்விக்கு விடை காண எனக்கு நெடுங்காலம் பிடித்தது. கண்டதனால், கடைசி பெஞ்சுப் பையன் எந்த வரியில் திகைத்து நிற்பான் என்பதைப் பலகையில் எழுதுவதற்கு முன்பே என்னால் சொல்லிவிட முடியும். இதைவிடப் பெரிய யோக்கியதாம்சம் இந்த உத்தியோகத்துக்கு வேண்டியதில்லை என்பது என் தீர்மானம்.

சைதாப்பேட்டைக்கு விண்ணப்பம் போட்டாகிவிட்டது. நான் பயிற்சி முடித்துத் திரும்புவதற்குள் உங்கள் வீட்டுப் பிள்ளை பின்னத்தை ஏன் தலைகீழாகத் திருப்பவேண்டும் என்று கேட்டானாகில், தயவுசெய்து அவனை அதட்டாதீர்கள். கொஞ்சம் பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.