ஈரச்சந்தையில் இலையுதிர்காலம்: பூசணி தெரிதல் குறித்த ஆராய்ச்சி

நூலென்றால் பாயிரம் வேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த விதி. ஆராய்ச்சியென்றால் “இத்துறையில் இதுவரை எவரும் புகவில்லை” என்னும் வாக்கியம் முதற்பக்கத்திலேயே வேண்டும் என்பது பல்கலைக்கழகங்கள் வகுத்த விதி. இரண்டையும் ஒரே மூச்சில் நிறைவேற்றிவிடுகிறேன். சிங்கப்பூர் சைனாடவுனில், ஸ்மித் ஸ்திரீட்டில் 1983ஆம் ஆண்டு கட்டிமுடித்த பெருங்கட்டடத்தின் கீழ்த்தளத்து ஈரச்சந்தையில், புரட்டாசி ஐப்பசி மாதங்களில் தமிழ்மக்கள் பூசணிக்காய் தெரிந்தெடுக்கும் சம்பிரதாயத்தினுள் இதுவரை எவரும் புகவில்லை. தரையின் வழுக்கல் அதற்கு ஒரு காரணமாயிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

அமெரிக்கா முதலிய தேசங்களில் இலையுதிர்காலம் பிறந்ததும், மக்கள் குடும்பம் குடும்பமாகக் காரேறிக் கிராமாந்தரங்களுக்குச் சென்று, டிராக்டர் இழுக்கும் வைக்கோல் வண்டியில் சவாரி செய்து, தோட்டத்தில் இறங்கிக் கொடியோடு கிடக்கும் பூசணிக்காயைத் தாமே தேர்ந்து, பறிக்கிற வேலையையும் தாமே செய்து, அதற்குரிய பணத்தையும் தாமே கொடுத்து, படமும் எடுத்துக்கொண்டு வீடு திரும்புவது வழக்கம். அக்டோபர் 31ஆம் தேதி ஹாலோவீன் இரவுக்கு அக்காயைக் குடைந்து கண்ணும் பல்லும் வெட்டி உள்ளே விளக்கு வைப்பார்கள். அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்துகொண்டிருந்தவர்கள் அமெரிக்காவில் குடியேறியபின், குடைவதற்கு எளிதான பூசணியைக் கண்டு மனம் மாறினார்கள். இதில் ஒரு ரகசியம் உண்டு. பூசணித் தோட்டம் என்று பலகை மாட்டிய இடமெல்லாம் பூசணி விளைந்த இடமன்று. எங்கோ நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் யாரோ விளைவித்து யாரோ பறித்து லாரியில் வந்திறங்கிய காய்களைத் தேவாலயத்துப் புல்தரையில் பரப்பி, வருகிறவர்களைத் தேர்ந்துகொள்ளச் சொல்லுகிற இடங்களும் அங்கே உண்டு. பிறர் உழுது, பிறர் பறித்து, பிறர் சுமந்து வந்து கொட்டிய குவியலில் ஒன்றைப் புரட்டியெடுத்து, “நானே நேரில் சென்று பறித்தேன்” என்று நெஞ்சை நிமிர்த்துவதில் உள்ள ஆனந்தத்தை அந்நாட்டுக் குழந்தைகளும், எந்நாட்டு ஆராய்ச்சியாளர்களும் நன்கு அறிவார்கள். உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏடு பறித்தவர். 1887இல் அவர் சிந்தாமணியை அச்சிட்டு இறக்கிய பின்பு வந்தவர்களில் பெரும்பாலோர் புல்தரையில் நின்றவர்களே.

இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் சைனாடவுன் சந்தையும் ஒரு தோட்டமே. பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையம் வரைக்கும் பிறர் பொறுப்பு. கீழ்த்தளத்தில், நீர் தெளித்த தரையின்மேல், பிளாஸ்டிக் கூடைகளிலும் அட்டைப் பெட்டிகளிலும் குவிந்து கிடப்பதிலிருந்து நம் பொறுப்பு. தமிழருக்கு அங்கே என்ன வேலை என்று வினவுவோர், சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1827இல் நாராயண பிள்ளை நிறுவிய மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, டெம்பிள் ஸ்திரீட்டைத் தாண்டினால் அடுத்த தெரு ஸ்மித் ஸ்திரீட் என்பதை நடந்தே அறியலாம். அம்மனைப் பார்க்க வந்தவர்கள் அப்படியே காய்கறியும் வாங்கிக்கொண்டு போவதற்குச் சரித்திரச் சான்று தேட வேண்டியதில்லை.

“இருக்கட்டும், இலையுதிர்காலம் எங்கே?” என்று பூர்வபக்ஷி கேட்பான். கேட்கத்தக்க கேள்விதான். பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 137 கிலோமீட்டர் தொலைவில், ஆண்டு முழுவதிலும் பகற்பொழுதின் நீளம் பத்து நிமிஷத்துக்குமேல் மாறாத ஒரு தீவில், பருவம் என்பது நாட்காட்டியில் மட்டுமே நிகழ்வது. கெட்டாப்பாங் என்று இங்கே வழங்கும் நாட்டுவாதுமை மரம் இலைகளைச் செக்கச்செவேலெனச் சிவக்கவிட்டு உதிர்க்கிறது. ஆனால் அது ஆண்டில் இரண்டு முறை உதிர்ப்பதால் சாட்சியாக நிறுத்த முடியாது. மரினா விரிகுடாப் பூங்காவின் மலர்க்கூடத்தில் குளிர்காற்று ஊட்டி, அறுவடைக் காட்சியென்று பூசணிகளை அடுக்கியதுண்டு. கையால் தொடாமல் கண்ணால் மட்டும் பார்க்கிற பூசணி நம் ஆராய்ச்சிக்குள் அடங்காது. எஞ்சியிருப்பவை நாட்காட்டிகள். சீனர் தம் எட்டாம் மாதத்துப் பௌர்ணமியை நடு இலையுதிர்கால விழாவாகக் கொண்டாடுகிறார்கள். அதே பௌர்ணமி நமக்குப் பெரும்பாலும் புரட்டாசியில் வருகிறது. ஆவணியும் புரட்டாசியும் கார்காலம் என்பது இலக்கண நூலார் கொள்கை. சிங்கப்பூரின் பெருமழையோ நவம்பருக்கு மேலேதான். ஆகவே ஒரே இரவில், நியூ பிரிட்ஜ் ரோட்டு விளக்கலங்காரத்தின்கீழ், சீனருக்கு இலை உதிர்கிறது, தமிழருக்கு மழை பெய்கிறது, இருவருக்கும் வேர்க்கிறது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இருந்திருந்தால், ஸ்மித் ஸ்திரீட்டில் கிடக்கும் ஒரு சொல்லை ஆர்ச்சர்ட் ரோட்டில் கிடக்கும் இன்னொரு சொல்லோடு கொண்டுபோய் மாட்டி, நாம் வாய் திறக்குமுன் சமாதானம் சொல்லியிருப்பார். ஆர்ச்சர்ட் ரோட்டைப் பிரஸ்தாபித்தமையால் சொல்லிவைக்கிறேன்: அங்கே 1840களில் ஜாதிக்காய்த் தோட்டங்கள் மெய்யாகவே இருந்தன; 1850களில் மரங்களில் நோய் கண்டு அவை பாழாயின; இப்பொழுது அங்கே பறிக்கக் கிடைப்பவை விலைச்சீட்டுகள்.

நிலம்: திணைமயக்கம்.

இனி விஷய விபாகம். டுரியான் பறிப்பதன்று, விழுவது, விலக்கப்பட்டது. ஆப்பிள் ஐந்தைந்தாகப் பையில் கட்டி வருவதால் தெரிதல் என்னும் வினைக்கே இடமில்லை. தர்ப்பூசணியை எல்லாத் தேசத்தாரும் தட்டுவதால் அதில் நமக்குத் தனிப் பெருமை இல்லை. ராட்சதப் பூசணி, 2023இல் கலிபோர்னியாவின் ஹாஃப் மூன் பே ஊரில் 1,247 கிலோ நிறுத்துப் பரிசு வாங்கியது, வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்து அடுக்குமாடி மின்தூக்கியில் ஏறாது.

எஞ்சிய பூசணியே பூசணி. அதில் ஆராயத்தக்கது ஒன்றே ஒன்று: தட்டல்.

வாங்க வந்தவர் குவியலருகே குந்துகிறார். காயைப் புரட்டி, அது மண்ணில் படுத்திருந்த இடத்து மஞ்சள் தழும்பைப் பார்க்கிறார். காம்பு பச்சை மறைந்து, தக்கையாக உலர்ந்திருக்கிறதா என்று கிள்ளுகிறார். நகத்தை ஊன்றித் தோல் குழிகிறதா என்று சோதிக்கிறார். விளைந்த காய் என்பதற்கு இவை போதிய பிரமாணங்கள். விவசாயிகள் இவற்றுக்கு மேல் கேட்பதில்லை. ஆயினும் நம்மவர், எல்லாம் நிரூபணமான பிற்பாடும், தலையைச் சற்றே சாய்த்து, கண்ணைப் பாதி மூடி, காயைத் தட்டுகிறார். ஏன்?

இவ்விஷயத்தில் மூன்று மதங்கள் உள. நடுவிரலின் முட்டியால் மும்முறை தட்ட வேண்டும், ‘தொம்’ என்றால் விளைந்தது, ‘டக்’ என்றால் இளசு, ‘பொத்’ என்றால் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும் என்பது முட்டிவாதம் (பெரியத்தை, வாய்மொழி, அடுப்படி). மோதிரம் போட்ட கையால் தட்டினால் ஒலிப்பது மோதிரமே ஒழியப் பூசணியன்று, ஆதலால் உள்ளங்கையால் அறைவதே சாஸ்திரம் என்பது அறைவாதம் (சின்னத்தை, மேற்படி அடுப்படி, பால் பொங்கி வழிந்ததற்குப் பின், யாரால் வழிந்தது என்பதில் ஆசிரியர்களுக்குள் கருத்து வேற்றுமை உண்டு). மிருதங்கத்துக்கு வலந்தலை, தொப்பி என்று இரு முகங்கள் இருப்பதுபோலப் பூசணிக்கும் காம்புப் பக்கம் ஒன்று, பூப்பக்கம் ஒன்று என இரு முகங்கள் உள, அத்தையர் இருவரும் வேறு வேறு முகத்தைத் தட்டிவிட்டுச் சண்டையிடுகின்றனர் என்பது சமரசவாதம் (மாமா, பேருந்தின் மேல்தளத்து முன்னிருக்கைப் பேருரை, கேட்டுக்கொண்டிருந்தவர் லிட்டில் இந்தியா வருமுன்னரே உறங்கிவிட்டமையால் பிற்பகுதி கிடைத்திலது, கிடைத்த பகுதியிலும், ஓட்டுநர் பிரேக் போட்ட இடத்தில் இரண்டு வாக்கியங்கள் சிதைந்துள).

மூன்று மதத்தாரும் தத்தமக்கு ஆதாரமாகக் காட்டும் மூலம் ஒன்றே. அது பாட்டியின் மளிகைச் சிட்டை. வெள்ளைத்தாள்; இடப்புறம் எண்ணெய், நடுவில் மஞ்சள் கறை; வலப்புறம் யாரோ பொட்டலம் மடிக்கக் கிழித்துவிட்டார்கள். எடையைக் கட்டிக் கணக்கில் எழுதியிருப்பதால், அறுநூறு கிராம் ஒரு கட்டி என்று சந்தையில் பேசி வாங்கிய காலத்து ஆவணம் என்பது தெளிவு. அதன் ஐந்தாம் வரி, “பூசணி 2 கட்டி, தட்” என்று ஓடி, கிழிசலில் நின்றுவிடுகிறது. ‘தட்டிப் பார்க்க’ என்று நிரப்பிக்கொள்ள வேண்டும் என்கிறார் பெரியத்தை. ‘தட்டாமல் வாங்க’ என்பதே பாட்டியின் சுபாவத்துக்கு ஏற்றது, அவர் எவரையும் எதையும் தட்டியதில்லை என்கிறார் சின்னத்தை. முதுகில் வாங்கியவன் நான் உயிரோடிருக்கிறேன் என்று இதற்குச் சாட்சிபூர்வமான மறுப்பு எழுதியவர் மாமா. (இம்மறுப்பு நாட்காட்டியிலிருந்து கிழித்த தாளின் பின்பக்கத்தில், முன்பக்கத்து ராகு காலம் ஊடுருவித் தெரியும்படி எழுதப்பட்டு, குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தால் பதிப்பிக்கப்பெற்றது, இரண்டாம் பதிப்பில் காந்தம் மட்டும் உள்ளது.) நான்காவதாக, வீட்டில் வேலைக்கு உதவியாக இருக்கும் பெண், இது மளிகைச் சிட்டை, முன்வரியில் பாசிப்பயறு இருக்கிறது, பின்வரியில் கொண்டைக்கடலை இருக்கிறது, ஆகவே இது தட்டைப்பயறு என்று ஒரு பாடம் சொன்னார். இது ஏற்கப்படவில்லை. மிக எளிதில் பொருள் தரும் பாடம் பிழைபட்ட பாடமாகத்தான் இருக்க வேண்டும் என்பது பதிப்பாசிரியர்களின் நெடுநாளைய நம்பிக்கை. மேலும் அவருக்கு எம்.ஏ. பட்டம் இல்லை.

நூற்புலமை இவ்வாறிருக்க, களப்பணியில் கண்டதையும் சொல்ல வேண்டும். கடைக்கார ஆன்ட்டி தட்டுவதே இல்லை. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸும், கையில் அகலக் கத்தியுமாக நிற்கும் அவர், ஒரே அளவுள்ள இரண்டு காய்களை இரு கையிலும் தூக்கிப் பார்த்து, கனத்ததைக் கொடுத்துவிட்டு லேசானதை வைத்துவிடுகிறார். முட்டிவாதிகள் வேலையைத் தொடங்கியதும், “ஜாங்ஙான் கெத்தோக்!” என்று சந்தை மலாயில் அதட்டுகிறார். தட்டாதே என்பது இதன் பொருள். இவரைத் தகவலாளி என்று முன்னுரையில் நன்றியோடு குறித்துவிட்டு, இவர் தந்த தகவலை நூலில் எங்கும் சேர்க்காமல் விடுவது துறை வழக்காதலின், நானும் அவ்வாறே செய்கிறேன்.

தட்டல் பயன் கருதியது என்போரை வாயடைக்கச் செய்வது வெண்பூசணி. ஆயுத பூஜை நெருங்குகையில், லாரி வைத்திருப்பவரும் டாக்சி ஓட்டுபவரும் முழுக் காயாகத் தேடி வருகிறார்கள். இது தின்பதற்கன்று, குங்குமம் அப்பி, கற்பூரம் ஏற்றி, திருஷ்டி சுற்றிப் போட்டு உடைப்பதற்கு. அதுவும் இந்த ஊரில் நடுத்தெருவில் உடைத்துவிட்டுப் போனால் குப்பை போட்ட குற்றத்துக்கு அபராதம் உண்டாகையால், சாக்குவிரித்து, உடைத்து, உடனே கூட்டி அள்ளப்படுவது. உடையப்போகிற காய் விளைந்ததானால் என்ன, இளசானால் என்ன? ஆயினும் தட்டித்தான் வாங்குகிறார்கள். ‘தொம்’ என்னாவிட்டால் முகம் சுளித்து அடுத்ததை எடுக்கிறார்கள். தட்டல் ஞானத்தின் பொருட்டன்று, அதிகாரத்தின் பொருட்டு என்பது இதனால் பெறப்படும். காசு கொடுப்பவன் நான், காய் எனக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்பதே அதன் தாத்பரியம். தோட்டத்தில் போய்ப் பறிக்கிற வெள்ளைக்காரனும் இதற்குத்தான் வண்டியேறுகிறான். இந்த இனத்தில் வேறொரு விசேஷம், பூசணி திருடியவன் தோளில் சாம்பல் என்னும் பழங்கதை சைனாடவுன் எம்ஆர்டி நிலையத்தில் நாள்தோறும் நிரூபணமாவது. காசு கொடுத்து வாங்கியவர்களும் அதே சாம்பலோடு, அதே கள்ளப் பார்வையோடு தோளைத் தட்டிக்கொண்டே படியிறங்குகிறார்கள்.

பகோடா ஸ்திரீட்டிலும் திரங்கானு ஸ்திரீட்டிலும் விழாக்காலத்துக் கடைகளில் குவியும் ஈப்போ பம்ளிமாஸ் தனி அத்தியாயம் பெறத்தக்கது. உரித்த தோலைக் குழந்தைகளின் தலையில் கவிழ்த்து வைப்பது சீனர் வழக்கம். விரற்கடைக் கனத்துக்கு வெண்பஞ்சு சூழ்ந்த அப்பழம் எங்கே தட்டினாலும் ஒரே ஊமை. பெரியத்தை அதையும் தட்டுகிறார். அதன் மௌனத்தை முதிர்ச்சி என்று கொள்கிறார்.

இத்தனை வளமான சாஸ்திரத்துக்கு அண்மையில் ஒரு பேராபத்து நேர்ந்திருக்கிறது. வீடுகளில் ஆட்கள் குறைந்துவிட்டமையால், கடைக்காரர்கள் பூசணியை அறுத்துப் பத்தையாக்கி, மெல்லிய நெகிழித்தாள் சுற்றி, விலையும் ஒட்டி அடுக்கிவிடுகிறார்கள். செம்மஞ்சள் சதை கண்ணுக்குத் தெரிகிறது; நாரோடு விதை தெரிகிறது; தாளின் உட்புறம் வேர்த்திருப்பதும் தெரிகிறது. பிரத்யக்ஷம் கைவசம் இருக்கும்போது அனுமானத்துக்கு என்ன வேலை என்று நையாயிகர்கள் கேட்பார்கள். இக்கேள்வியால் தம் மதம் அழிந்துவிடுமோ என்று பெரியத்தை சில காலம் வருந்தியிருந்தார். பிறகு ஒரு காலை, ஆன்ட்டி மீன்கடைப் பக்கம் திரும்பிய சமயத்தில், பத்தை ஒன்றை எடுத்து, நெகிழித்தாளோடு சேர்த்து, முறைப்படி மும்முறை தட்டினார். எழுந்த ஒலி ‘பொச்’. அது முற்கூறிய மூவகையுள் அடங்குமா, நான்காம் வகையா, அன்றித் தாளின் குரலா என்பது பற்றிச் சின்னத்தையின் விரிவான மறுப்பு வரும் வெள்ளிக்கிழமை, சாம்பார் கொதிக்கும் நேரத்தில் வெளியாகும் என்று தெரிகிறது.