கேக்குதுங் மாமா, பேசத்தான் மாட்டேங்குது!

வாங் மாப்ளே, வாங். அந்த ஹாம் ரேடியோப் பொட்டியத் திண்ணையிலயே வெச்சுருங். உள்ள கொண்டு போனா, தவலைக்கு மூடி கெடைச்சுதுன்னு உங்க அத்தை எடுத்து வெச்சுக்குவா. மேல்மூடியக் கழட்டிட்டேதான் வந்திருக்கறீங்க போல. திருகாணியெல்லாம் எங்க? தொலைஞ்சு போச்சா? சரி, சரி. அதை மனசுல வெச்சுக்கறேன், பின்னால வேணும்.

"கேக்குதுங் மாமா, பேசத்தான் மாட்டேங்குது"ன்னு நீ சொன்னப்பவே பாதி ரிப்பேரு முடிஞ்சு போச்சு. அது உனக்குத் தெரியல. தெரியாததுல தப்பில்ல. நீ காலேசுல நாலு வருசம் எலக்ட்ரானிக்ஸ் படிச்சவன். நான் மோட்டாருக்குக் காயில் சுத்திப் பொழைச்சவன். வெள்ளெனே நாப்பது மீட்டர் பேண்டுல நாலு பேருகிட்டப் பேசாட்டி எனக்குக் காப்பி எறங்காது. படிப்புன்னா அவ்வளவுதான் என்ற படிப்பு.

இது வரைக்கும் என்ன பண்ணுனேன்னு கேட்டா ஒரு பட்டியலே சொல்றே. கிரிஸ்டல் முச்சூடும் மாத்தியாச்சு. எல்.எம். 386 மாத்தியாச்சு. ஐ.ஆர்.எஃப். 510 வாங்கி வாங்கிப் போட்டுச் சுட்டாச்சு. மீட்டர் வெச்சுப் பாத்தியான்னு கேட்டா மட்டும் தலையச் சொறியறே. சாமானை மாத்தி மாத்திப் போட்டுப் பாக்கறதுக்குப் பேரு ரிப்பேரு இல்ல மாப்ளே, வேண்டுதல். வேண்டுதலுக்குத்தான் பளனி மலை பக்கத்துலயே இருக்குதே. பஸ் காசு ஒரு கிரிஸ்டல் செட்டு வெலை கூட ஆகாது. மொட்டையடிச்சாத் தலையச் சொறியற சோலியும் இருக்காது.

நீ மாத்துனதுல புதுசா என்னென்ன வியாதி வந்துச்சோ. இங்க பாரு, இந்தக் கிரிஸ்டல் காலைப் புடுங்குனப்ப செம்புத் தடம் ஒட்டுக்காப் பேந்து வந்திருக்குது. அதுக்கு மேல ஈயத்தைக் கொழகொழன்னு அப்பி வெச்சிருக்கறே. காஞ்ச மூங்கில் குச்சியில லேசாத் தட்டுனா ஸ்பீக்கர்ல கரகரங்குது பாரு. இது ஐதராபாத்துல பண்ணுன கோளாறு இல்ல, உன்ற மேசையில பண்ணுனது.

ஐதராபாத்துன்னு ஏன் சொன்னேன்னா, இந்த பிட்எக்ஸ் செட்டு அந்த ஊருக்காரரு அஷர் ஃபர்ஹான் போட்ட சர்க்யூட்டு. வி.யு. 2 ஈ.எஸ்.ஈ. அவரு கால்சைன். டொராய்டு வளையம் கெடைக்காதவன் தண்ணிக் கொழா வாசர் மேலயே காயில் சுத்திக்கலாம்னு எழுதுன மனுசன். 2016ல நாப்பது மீட்டருக்குன்னே பலகையில எல்லாஞ் செஞ்சு ரெடியாவும் குடுத்தாங்க. உனக்கு அது ஆகாதாக்கும். ஒவ்வொரு சாமானா நானே பத்த வெப்பேன்னு நின்னே. நெம்ப நல்லது. பத்த வெச்சவன்தான் அணைக்கவும் ஓணும்.

இப்பக் காதைக் குடு. இந்தச் சர்க்யூட்டோட சூட்சுமமே ஒரே வழியில போறதும் வர்றதும்தான். ஏரியல்ல 7.1 மெகாஹெர்ட்ஸ் வருது. வி.எஃப்.ஓ. ஆசிலேட்டரு 4.9 குடுக்குது. ரெண்டையும் மிக்சர் கூட்டி 12 ஆக்குது. கிரிஸ்டல் ஃபில்டர் அதைச் சலிக்குது. அக்கட்ட இன்னொரு ஆசிலேட்டரு, 12 மெகாஹெர்ட்ஸ் பி.எஃப்.ஓ., அதைப் பேச்சாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புது. நீ பேசறப்ப உன்ற பேச்சு அதே பி.எஃப்.ஓ.வுல ஏறி, அதே ஃபில்டர்ல சலிஞ்சு, அதே வி.எஃப்.ஓ.வோட சேந்து 7.1 ஆயி வெளிய போகுது. புது ரோடு கெடையாது.

அப்ப, காதுல நாலு ஊருக்காரன் பேசறது தெளிவாக் கேக்குதுன்னா என்ன அர்த்தம்? ஃபில்டர் நல்லாருக்குது. வி.எஃப்.ஓ. ஓடுது. பி.எஃப்.ஓ. ஓடுது, அதுவும் சரியான ஓரத்துல நிக்குது. தப்பான ஓரத்துல நின்னிருந்தா லோயர் சைடுபேண்டுல பேசறவன் பேச்சு தலைகீழாத் திரும்பி, என்ன பாசைன்னே தெரியாது. மிக்சர் ரெண்டும் உசுரோட இருக்குது. இத்தனையும் சரியா இருக்குதுன்னு செட்டே ஸ்பீக்கர் வெச்சுச் சொல்லியிருக்குது. அதைக் கேட்டுட்டு நீ போயி மாத்துனது என்ன? கிரிஸ்டலு! சாட்சி சொன்னவனைப் புடிச்சு உள்ள போட்டிருக்கறே.

மிச்சம் இருக்கறது கொஞ்சம்தான். மைக்கும் அதோட ஆம்ப்ளிஃபயரும், போற பக்கத்து டிரான்சிஸ்டருங்க, டிரைவர், பவர் ஸ்டேஜ், ரிலே. ஒவ்வொரு ஸ்டேஜுலயும் முதுகோட முதுகா ரெண்டு டிரான்சிஸ்டர் நிக்குது பாரு. ஒண்ணு வரவுக்கு, ஒண்ணு செலவுக்கு. பேசறதுக்கு பி.டி.டி. பொத்தானை அமுக்குனா வரவுக்காரனுக்குக் கரண்ட் நிக்கோணும், செலவுக்காரனுக்கு 12 வோல்ட்டு வரோணும். ரிலே 'டக்'குனு சொல்லுச்சுங்கறே. ரிலே சொல்றதை நம்பாதே, அது சத்தத்துக்குப் பொறந்தது. மீட்டரை வெச்சு அந்த 12 வோல்ட்டு வந்து சேந்துச்சான்னு பாரு.

அதுக்கு முன்னால ஏரியலைக் கழட்டு. கோளாறு பாக்கற செட்டை ஊருக்குக் கேக்க விடக்கூடாது. 1 கிலோ ஓம், அரை வாட்டு கார்பன் ரெசிஸ்டர் 20 எடுத்து, எல்லாத்தையும் பேரலலாச் சேத்துக் கட்டு. 50 ஓம், 10 வாட்டு டம்மி லோடு ஆச்சு. கம்பி சுத்துன ரெசிஸ்டர் வேண்டாம், அது தன்னையே காயில்னு நெனைச்சுக்கும். அப்பறம் சப்ளைக் கம்பியில வண்டியோட 12 வோல்ட்டு, 10 வாட்டு இண்டிகேட்டர் பல்பு ஒண்ணை சீரியல்ல போட்டுட்டு சுவிச்சைப் போடு. எங்கயாச்சும் சாட்டுன்னா பல்பு பளிச்சுன்னு எரியும், பலகை பொழைச்சுக்கும். பல்பு வெலை கொஞ்சந்தான். உனக்கு அது கட்டாதுன்னுதான் ஐ.ஆர்.எஃப். 510 எரிச்சு வெளிச்சம் பாத்தே போல.

மைக்கைப் பாக்கலாம். எலக்ட்ரெட் மைக்குக்கு ரெண்டு கால்தான், ரெண்டும் பாத்தா ஒண்ணாட்டந்தான் இருக்கும். தகர உடம்போட ஒட்டியிருக்கறது எதுவோ அது எர்த்து. மாத்திப் போட்டா அது கல்லுப் புள்ளையார். உன்றது சரியாத்தான் இருக்குது. சபாசு, ஒண்ணாவது.

இப்ப ஆர்.எஃப். புரோப். ஒரு ஜெர்மேனியம் டையோடு, ஒரு கெப்பாசிட்டர், ஒரு ரெசிஸ்டர், அக்கட்ட உன்ற மீட்டர். மைக்குல 'ஆஆஆ'ன்னு இழுத்துட்டே ஒவ்வொரு ஸ்டேஜா வெச்சுட்டு வா. ஃபில்டருக்கு முன்னால சிக்னல் இருக்குது. ஃபில்டருக்குப் பின்னால இருக்குது. அடுத்த ஸ்டேஜுக்குள்ள போகுது... வெளிய வரல. அவ்வளவுதான் மாப்ளே. கோளாறு அங்க உக்காந்திருக்குது. கிரிஸ்டல் வாங்குன காசு தண்டம்.

இப்பச் சொல்லு, கிட்டுல வந்த டிரான்சிஸ்டர்ல ரெண்டு தொலைஞ்சு போச்சா இல்லையா? முழிக்காத. திருகாணியத் தொலைக்கறவன் டிரான்சிஸ்டரைத் தொலைக்காம இருப்பானா? கீழ உளுந்து கட்டிலுக்கு அடியில போயிருக்கும். நீயும் கடைக்குப் போயி, 2 என் 3904 கேட்டிருப்பே. அது இல்ல தம்பி, இது அதேதான்னு பி.சி. 547 குடுத்திருப்பாங்க. அதேதான், நல்ல டிரான்சிஸ்டர்தான், பொய்யில்ல. ஆனா தட்டையான மூஞ்சி உன்னப் பாத்து நிக்கறப்ப, 3904க்கு எடப்பக்கம் இருந்து எமிட்டர், பேஸ், கலெக்டர். 547க்கு கலெக்டர், பேஸ், எமிட்டர். பலகையில போட்ட படத்துக்குப் பொருத்தமா அரைவட்டம் பாத்துச் சொருகுனே பாரு, அங்க போச்சு. தலைகீழா நிக்கற டிரான்சிஸ்டர் ஒரேயடியாச் செத்தும் போகாது, வேலையும் செய்யாது. சம்பளத்துக்கு மட்டும் வந்துட்டுப் போற ஆளு. திருப்பிப் போடு.

திருப்பிப் போட்டாச்சா? புரோப் அடுத்த ஸ்டேஜுலயும் ஆடுது. டிரைவரைத் தாண்டுனா மறுபடி படுத்துக்குது. வா, இது என்ற சோலி. இந்த டொராய்டை யாரு சுத்துனது? எனாமல் கம்பி நுனியச் சுரண்டுனியா, ஈயம் பட்டாத் தானா உருகும்னு விட்டுட்டியா? வெளிய வெள்ளிப் பூட்டாட்டம் மினுங்குது, உள்ள கம்பிக்கும் ஈயத்துக்கும் பேச்சு வார்த்தையே இல்ல. பிளேடு வெச்சுச் செம்பு தெரியச் சுரண்டிட்டு மறுபடி பத்த வை. அப்பறம் மீட்டரைக் கம்பியில வெக்காத, பலகைத் தடத்துல இருந்து தடத்துக்கு வை. ரெண்டு கம்பி முறுக்கிச் சுத்துற எடத்துல ஒண்ணோட முடிவுதான் இன்னொண்ணோட ஆரம்பத்தோட சேரோணும். மூணு பேஸ் மோட்டார்ல ஒரு காயில் தலையும் வாலும் மாறிப்போனா மோட்டார் உறுமும், சுத்தாது. இங்கயும் அதே கதைதான், ஒண்ணு குடுக்கறதை இன்னொண்ணு தின்னுரும். சுத்தை எண்ணறப்பக் கம்பி நடு ஓட்டையில எத்தன வாட்டி நொழையுதுன்னு எண்ணு. வெளிப்பக்கம் எண்ணி ஒண்ணு கூடப் போட்டவனுக ஊருக்கு நாலு பேரு.

கடைசியா, நீ சுட்டுத் தின்ன ஐ.ஆர்.எஃப். 510. அதோட உலோக முதுகுதான் டிரெயின். மைக்கா இல்லாம நேரா அலுமினியப் பொட்டியில முடுக்குனே, 12 வோல்ட்டு நேரா எர்த்துக்குப் போயிருச்சு. மைக்காத் தகடு வை, திருகாணிக்கு நைலான் புஷ்ஷு போடு. அடுத்தது எப்பிடிப் போச்சுன்னு நான் சொல்றேன். பழையதுக்கு வெச்ச பிரிசெட்டை அப்பிடியே விட்டுட்டுப் புதுசை மாட்டுனே. இந்த மாஸ்ஃபெட்டு ஒவ்வொண்ணும் கேட்டுல 2 வோல்ட்டுல இருந்து 4 வோல்ட்டுக்குள்ள எங்கயோ ஒரு எடத்துல முழிச்சுக்கும். எது எங்க முழிக்கும்னு அதுக்கே தெரியாது. முந்தினது தூங்கு மூஞ்சி, இது வெடுக்குன்னு எந்திரிச்சிருக்கும். அதனால பிரிசெட்டைக் கடைசி வரைக்கும் கொறைச்சு வை. பவர் ஸ்டேஜுக்குப் போற கம்பியில மீட்டரை மில்லியாம்புல போடு. பி.டி.டி. அமுக்கு, வாயைத் தொறக்காத. மெள்ள மெள்ளத் திருப்பி, 100 மில்லியாம்பு வந்ததும் கையெடு.

இப்ப அந்த சீரியல் பல்பைக் கழட்டிட்டு டம்மி மேல புரோப் வை. நீ சும்மா இருந்தா அங்க ஒண்ணும் வரக் கூடாது. வாயை மூடிட்டு இருந்தா வெளிய எதுவும் போகாது, இந்த ஒரு நல்ல கொணம் சைடுபேண்டு செட்டுக்கு இருக்குது, நம்ம சொந்தக்காரங்களுக்கு இல்ல. பேசுனா ஊசி ஏறோணும். உச்சத்துல 26.5 வோல்ட்டு காட்டுனா 50 ஓமுக்கு 7 வாட்டு. நீ காலேசுல படிச்ச கணக்குதான், போட்டுப் பாத்துக்க.

டம்மியில சுத்தமாப் பேசி, ஏரியல்ல போட்டதும் ஊளையிட்டா, மறுபடி பொட்டியத் தொறந்துராத. கோளாறு வெளிய. ஏரியல் மைக்குக்கு நெம்பப் பக்கத்துல இருக்கும், இல்ல மைக் கம்பிக்கு சீல்டு இருக்காது. நாப்பது மீட்டர் டைப்போலுக்குப் பக்கத்துக்குப் பத்து மீட்டர் கம்பி, தென்னைக்குத் தென்னை உசரமாக் கட்டு. துணி காயப்போட உங்கம்மா கேட்டாக் குடுக்காத.

ஏழு வாட்டுக்கெல்லாம் எதுக்குங் மாமா லைசென்சுன்னு மட்டும் கேட்டுராத. அரை வாட்டுக்கும் ஓணும். சர்க்காரோட டபிள்யூ.பி.சி. பரிச்சை எழுதி, கால்சைன் கையில வந்த பொறகு, 7.0ல இருந்து 7.2 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் உன்ற எடம். அது வரைக்கும் டம்மி லோடுதான் உனக்குச் சிநேகிதன். அது குறுக்கயும் பேசாது, யாருகிட்டயும் போயிச் சொல்லவும் சொல்லாது.

போறப்ப ஒண்ணு. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்து. மாத்துறதுக்கு முன்னால அள. அளந்ததை நோட்டுல எழுது. சர்க்யூட்டு மேல சந்தேகம் வந்தா மொதல்ல உன்ற கையப் பாரு. பாடற செட்டை இன்னும் கொஞ்சம் நல்லாப் பாட வெக்கறேன்னு மறுபடி அயனைச் சூடு பண்ணாத. எட்டு வாட்டு எடுத்துப் பாக்கலாமுன்னு பிரிசெட்டைத் தொடாத.

தொடுவே. எனக்குத் தெரியாதா? அதனால ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போறப்ப ஐ.ஆர்.எஃப். 510 ரெண்டாவே வாங்கிட்டு வா. ஒண்ணு உனக்கு. இன்னொண்ணு எதுக்குன்னு மாமனைக் கேக்கக் கூடாது.