லயமும் ரேக்கும்: ஒரு வம்சாவளி ஆராய்ச்சி

கணினி சர்வர்களை அடுக்கும் இரும்பு ரேக் அமெரிக்காவில் பிறந்தது என்பர் ஒரு சாரார். 1922 வாக்கில் ஏடி அண்ட் டி டெலிபோன் நிறுவனம் ரிப்பீட்டர் கருவிகளைப் பொருத்த 19 அங்குல அகலச் சட்டத்தை வகுத்ததைச் சான்று காட்டுவர். அது பொருந்தாது. ரேக்கின் மூதாதை தோட்டத் தொழிலாளரின் வரிசைவீடான லயமே என்பது இவ்வாய்வின் துணிபு.

என்னை எனின், மலேசியாவில் கெர்லிங் பக்கத்துத் தோட்டங்களில் லயத்தைப் பார்த்தவருக்கு ரேக்கை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே கூரை, ஒரே அளவு அறைகள், கதவுக்கு ஓர் எண், எல்லாருக்கும் பொதுக் குழாய். குடிவருகிறவர்தான் அளவுக்கு அடங்க வேண்டும். ரேக்கில் ஓர் அறையின் உயரம் ஒன்றே முக்கால் அங்குலம், பெயர் ‘யு’. வழக்கமான ரேக்கில் 42 யு. லயத்தில் முன்பக்கம் காற்று, பின்பக்கம் அடுப்பு. ரேக்கும் முன்பக்கம் குளிரை வாங்கி, பின்பக்கம் சூட்டைக் கக்குகிறது. அடுப்படிகள் ஒன்றையொன்று பார்க்கும்படிதான் சர்வர் அறையில் வரிசைகளை நிறுத்துகிறார்கள். இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

துளைகளைப் பற்றித் தனி இயலே எழுதலாம். ஒரு யு-வுக்கு மூன்று துளைகள். இடைவெளியோ சமமில்லை: 15.9, 15.9, 12.7 மில்லிமீட்டர். ஒரு துளை தப்பினால் சர்வர் பக்கத்து வீட்டுக்குள் கால் நீட்டும். முற்காலத்தில் துளையிலேயே மரை வெட்டியிருந்தது. மரை தேய்ந்தால் சட்டமே பாழ். பிறகு சதுரத் துளை வந்தது, கூடவே கேஜ் நட்டும் வந்தது. இரண்டு காது வைத்த இந்தச் சின்ன இரும்பு, துளைக்குள் போவதற்குமுன் நகக்கண்ணைக் கேட்கும்.

பரிணாமத்தின் மற்றப் படிகளை விரைந்து கடப்போம். 1999இல் கூகுள் தட்டுகளில் தக்கை விரித்து, மதர்போர்டுகளை உறையில்லாமல் அடுக்கியது. லயத்தின் பின்னால் தகரம் அடித்து இறக்கிய சாய்ப்பு என்க. 2011இல் ஃபேஸ்புக் தொடங்கிய ஓப்பன் கம்ப்யூட் திட்டம் உள்ளகலத்தை 21 அங்குலமாகவும் அறையுயரத்தை 48 மில்லிமீட்டராகவும் பெருக்கியது. இன்று என்விடியாவின் ஒரு ரேக்கில் 72 செயற்கை நுண்ணறிவுச் சில்லுகள். எடை ஒரு டன்னுக்கு மேல், மின்சாரம் ஏறத்தாழ 120 கிலோவாட். இதற்குக் காற்று போதாமல் தண்ணீர்க் குழாயையே உள்ளே விட்டுவிட்டார்கள். வீட்டுக்குள் குழாய் வந்தது லய வரலாற்றிலும் பிந்திய கட்டமே.

அற்றேல், ரேக்கின் பூர்வீகம் ரயில்வே சிக்னல் என்பாரும் உளரே எனின், கெர்லிங்கிலும் ரயில் தடம் உண்டு. வழக்கு நமக்கே சாதகம்.

ஒரே இடத்தில்தான் வம்சம் பிசகுகிறது. ரேக்குக்கு 1922 வாக்கிலேயே அளவு கிடைத்தது. தொழிலாளர் வீட்டுக்குக் குறைந்தபட்சத் தரம் என்று தனிச்சட்டம் மலேசியாவில் 1966இல்தான் வந்தது, 1990இல் திருத்தி எழுதப்பட்டது. ரேக்குக்கு உகந்த வெப்பம் 18 முதல் 27 டிகிரி என்கிறது குளிரூட்டல் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே. பகல் வெயிலில் துத்தநாகக் கூரையின் கீழ் எத்தனை டிகிரி என்று அளக்க அந்தச் சங்கம் கெர்லிங்குக்கு வரவில்லை. பேரன் சொகுசாக வளர்ந்துவிட்டான், அவ்வளவே.

2024இல் கூகுள் மலேசியாவில் தன் முதல் தரவு மையத்தை அறிவித்தது. இடம், சிலாங்கூரில் முன்பு தோட்டமாக இருந்த எல்மினா. லயம் நின்ற மண்ணுக்கே ரேக் திரும்புகிறது. இவ்வாய்வின் முடிபு நிறுவப்பட்டது.

அங்கே வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: கேஜ் நட்டை வெறும் விரலால் மாட்டாதீர்கள். அதற்கென்று கொக்கி இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.