சலூனுக்குப் போன கருடன்

"சலூனுக்குப் படம் அனுப்பணும், ரெண்டு மணி நேரம் யாரும் கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டு நான் லேப்டாப்பைத் திறந்தேன். கூடத்தில் பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் மகளிடம் மெல்லக் கேட்டார்: "முடி வெட்டிக்க எதுக்குடி போட்டோ? எப்படி வெட்டணும்னு காட்டறதுக்கா?"

அவர்மேல் தப்பில்லை. புகைப்படப் போட்டிக்கு உலகம் முழுக்க 'சலோன்' என்றுதான் பெயர். பாரிஸில் லூவர் மாளிகைக் கூடத்தில் ஓவியங்களை மாட்டிக் காட்டிய காலத்திலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது. அந்தச் சொல் கப்பலேறி நம் ஊருக்கு வந்தபோது முடிதிருத்துகிறவர் முந்திக்கொண்டார், கேமராக்காரன் பிந்திவிட்டான். போதாக்குறைக்கு, படத்தை அங்கே அனுப்புமுன் நாங்கள் செய்கிற முதல் காரியத்துக்கும் 'கிராப்' என்றே பெயர். யோசித்துப் பார்த்தால் மாமியார் கேட்டது நியாயமான கேள்விதான்.

விஷயம் இதுதான். பெங்களூர் காக்ஸ் டவுன் மார்க்கெட் பக்கம் நாங்கள் வாடிக்கையாக வாங்கும் மீன்கடை ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மேல் அங்கே ஒரு செம்பருந்து வரும். கடைக்காரர் மீன் தலையையும் குடலையும் ஒதுக்கிவைப்பார். அது மேலேயிருந்து சாய்ந்து இறங்கி, நிற்காமல் காலால் அள்ளிக்கொண்டு போகும். கண்ணுக்கு ஒரு செம்மண் கோடு கிழித்த மாதிரிதான் தெரியும். அந்தக் கோட்டைப் பிடிக்க மூன்று ஞாயிறு நின்றேன். மொத்தம் 1,640 படம்.

இதே பெங்களூரில்தான் டி.என்.ஏ. பெருமாள் இருந்தார். தஞ்சாவூரில் பிறந்தவர். காட்டுயிர்ப் படங்களால் உலகப் பெயர் வாங்கி, 2017ல் காலமானார். அவர் பிலிம் காலத்து ஆள். ஒரு சுருளுக்கு 36 படம். அது தீர்ந்து அடுத்த சுருளை மாட்டுவதற்குள் பறவை பேரன் பேத்தி எடுத்துவிடும். ஆகவே எதை எடுக்கலாம், எதை விடலாம் என்கிற தேர்வை விரலை அமுக்குவதற்கு முன்பே மனசுக்குள் முடித்தாக வேண்டும். என் கேமராவோ ஒரு அமுக்குக்குப் பதினைந்து படம் துப்புகிறது. தேர்வு ராத்திரி சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிட்டது. ரசம் கிண்ணத்தை நகர்த்திவிட்டு உட்கார்ந்தால் ஒரே பறவை, ஒரே மீன் தலை, 1,640 தடவை.

பிடித்த படத்துக்கு ஐந்து வரை நட்சத்திரம் போடும் வசதி மென்பொருளில் உண்டு. முதல் சுற்றில் 412 படங்களுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டேன். பிள்ளை பெற்றவனையே பரீட்சைப் பேப்பர் திருத்தச் சொன்னால் இப்படித்தான். ஒவ்வொரு படத்தைப் பார்க்கும்போதும் படம் தெரியவில்லை. பட்ட பாடு தெரிகிறது. இது நான் சாக்கடைக்குள் ஒரு காலை விட்டது. இது காக்கை என் தோளில் முத்திரை போட்டது. இது, "படம் பிடிச்சது போதும், வஞ்சிரத்த வாங்கிட்டு வழிய விடுங்க" என்று ஓர் அம்மா பையால் தள்ளியது. நடுவருக்கு இந்தச் சாக்கடை தெரியாது. நூற்றுக்கணக்கான படங்கள் வரிசையில் நிற்கும். ஒன்றுக்குச் சில விநாடிதான் அவரால் தரமுடியும். அந்த நேரத்துக்குள் 'சார், நான் எவ்வளவு நேரம் நின்றேன் தெரியுமா' என்று படத்தின் ஓரத்திலிருந்து எட்டிப்பார்த்துச் சொல்ல வழியில்லை.

சில விநாடி எவ்வளவு என்று கண்டுபிடிக்க என் மனைவியைப் பிடித்தேன். அவள் தாளிப்பில் இருந்தாள். "கடுகு வெடிக்கிற நேரம் வரைக்கும்தான் பார்ப்பேன், காட்டுங்க" என்றாள். எண்ணெய் காய, நான் லேப்டாப்பை இடுப்பில் வைத்துக்கொண்டு காட்டினேன். வேணாம். வேணாம். இதுவும் அதுவும் ஒண்ணுதானே. வேணாம். இதுல பறவை எங்க இருக்கு? கடுகு வெடிக்கத் தொடங்கியபோது, நான் ஒரு நட்சத்திரம்கூடப் போடாத ஒரு படம் தவறுதலாக வந்து நின்றது. கடைக்காரர் தராசில் கை வைத்தபடி அண்ணாந்து சிரிக்கிறார். இரண்டு பெண்கள் மீன் பையைத் தலைக்கு மேல் பிடித்துக் குனிகிறார்கள். அவர்கள் மேல் சிறகு விரித்து அது இறங்குகிறது. பின்னால் விலைப்பலகை, பிளாஸ்டிக் கூடை, ஒரு ஸ்கூட்டரின் பின்பாதி.

"இது" என்றாள் மனைவி.

"பேக்ரவுண்ட் ஒரே கூட்டமா இருக்கே!"

"கதையே அதுலதாங்க இருக்கு" என்று கறிவேப்பிலையைப் போட்டாள். சத்தத்தில் என் பதில் அவளுக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

அடுத்த நடுவர் மாமியார். நான் பெருமையாக நினைத்த நெருக்கப் படத்தைக் காட்டினேன். வெள்ளைத் தலை, செம்பழுப்புச் சிறகு. பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கருடன்! ஞாயித்துக்கெழம பாத்தா ரொம்ப விசேஷம் மாப்பிள்ளை." இதைவிட நல்ல விமர்சனம் எந்தக் கலைஞனுக்கும் கிடைக்காது. பிறகு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கிட்டத்தில் பார்த்தார். "கால்ல என்ன அது?"

"மத்தி மீன் தலை."

சிறிது நேரம் பேச்சில்லை. "பெருமாளோட வாகனம். அதுகிட்ட போயி... அந்தக் கால மட்டும் வெட்டிட்டு அனுப்பிடுங்க" என்றார்.

வெட்டுவதில்தான் சிக்கல். அந்தப் படத்தை 'நேச்சர்' பிரிவில் போட ஆசைப்பட்டேன். அந்தப் பிரிவுக்கு ஓர் இலக்கணம் இருக்கிறது. ஃபியாப் என்கிற உலகப் புகைப்படக் கூட்டமைப்பும் அமெரிக்கப் புகைப்படச் சங்கமும் பிரிட்டனின் ராயல் போட்டோகிராபிக் சொசைட்டியும் ஒத்துப் பேசி, 2015 முதல் ஒரே மாதிரி வைத்துக்கொண்டது. ஓரத்தை வெட்டலாம், தூசியைத் துடைக்கலாம். ஆனால் படத்தில் இல்லாததைச் சேர்க்கக்கூடாது, இருப்பதை அழிக்கக்கூடாது. மனிதன் கைபட்ட பொருள் தெரியக்கூடாது. நம் இலக்கண நூல்களைப் போலவே புறனடையும் உண்டு: மனிதர்கள் மாற்றிவைத்த இடத்தில் வாழப் பழகிவிட்ட ஆந்தையோ நாரையோ என்றால், கதைக்கு வேண்டிய அளவு நம் சாமான் தெரியலாம்.

இந்த விதிகளை எழுதியவர்கள் காக்ஸ் டவுனில் ஒரு நாள் தங்கியிருந்தால் புறனடையை நான்கு பக்கத்துக்கு எழுதியிருப்பார்கள். கன்டோன்மெண்ட் கலெக்டராக இருந்த ஏ.ஆர். காக்ஸ் துரையின் பெயரைத் தாங்கிய பேட்டை இது. துரை போய்விட்டார், ஆகாயத்தை இப்போது கேபிள் ஆள்கிறது. மின்கம்பி, டிவி கேபிள், இண்டர்நெட் கேபிள், யார் கட்டியது என்று கட்டியவருக்கே மறந்துபோன கேபிள். என் கருடனின் வலது சிறகுக்குப் பின்னால் அதில் மூன்று ஓடின. கம்பியை அழித்தால் விதி மீறல். கம்பி தெரியாமல் கிராப் பண்ணினால் சிறகின் நுனி போகிறது. புதிதாகத் தொழில் பழகுகிறவர் ஒரு பக்கக் கிருதாவை வெட்டிவிட்டு, சமப்படுத்த மறுபக்கத்தை வெட்டி, மறுபடி இந்தப் பக்கம் வருவாரே, அப்படியே ஆகிவிட்டது. கடைசியில் கருடன் பெரிய புறாவைப் போல இருந்தது.

சரி, 'ஓப்பன் கலர்' பிரிவில் கம்பியை அழிக்கலாமே என்று அங்கே போனேன். குளோன் பண்ணுவது பல்லாங்குழி மாதிரி; இங்கே வழித்து அங்கே போட வேண்டும். ராத்திரி ஒரு மணிக்கு வானம் துடைத்துவிட்டது போல் சுத்தமாக இருந்தது. காலையில் பள்ளிக்குக் கிளம்பிய பையன் ஷூ லேஸ் கட்டியபடி நிமிர்ந்து பார்த்தான். "அப்பா, முன்பக்கம் ஒரு விரல் எங்க?" கம்பியோடு சேர்த்து ஒரு நகத்தையும் விரலையும் வழித்திருக்கிறேன்.

ஏமாற்றுவதற்கும் ஒரு தகுதி வேண்டும். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் போட்டியில் 2009ல் முதல் பரிசு வாங்கியது, மரக்கதவைத் தாண்டிக் குதிக்கும் ஓர் ஓநாய். அது பழக்கிய ஓநாயாக இருக்கலாம் என்று நடுவர்கள் தீர்மானித்து 2010 ஜனவரியில் பரிசைப் பறித்தார்கள். அதே போட்டியில் பரிசு பெற்ற ஓர் எறும்புத்தின்னி, செத்தபின் பதப்படுத்திப் பஞ்சடைத்த உடல் என்று நிபுணர்கள் சொல்லி 2018ல் வெளியேறியது. இரண்டு படக்காரர்களும் மறுத்தார்கள். எனக்குப் பிடித்தது 2024ல் நடந்த கூத்து. மைல்ஸ் ஆஸ்ட்ரே என்பவர், வயிற்றைச் சொறியத் தலையைக் குனிந்துகொண்ட ஒரு பூநாரையை நிஜமாகப் படமெடுத்தார். பார்த்தால் தலையே இல்லாத பறவை. அதை '1839 அவார்ட்ஸ்' போட்டியின் செயற்கை நுண்ணறிவுப் பிரிவில் போட்டு, நடுவர்களிடம் மூன்றாம் பரிசும் ஜனங்களின் ஓட்டும் வாங்கினார். பிறகு, அது நிஜம் என்று அவரே சொன்னதால் தகுதிநீக்கம்! தலை இல்லாத பூநாரை ஜெயிக்கிறது. ஒரு விரல் இல்லாத என் கருடனுக்கு வீட்டுக்குள்ளேயே வழக்கு.

ஒருவழியாக விரலைத் திரும்ப ஒட்டி, மூன்றில் ஒரு கம்பியை விட்டுவைத்து ஒரு சமாதான ரூபத்தில் அனுப்பினேன். ஒரே படத்தை இரண்டு பிரிவில் போடக்கூடாது என்பதால் ஓப்பன் கலரோடு நிறுத்திக்கொண்டேன். மூன்று நடுவர்கள், ஆளுக்கு மார்க் போட்டுக் கூட்டுவார்கள். தேர்வாக 11 வேண்டும். கருடனுக்கு 8. எந்தப் போட்டி என்று கேட்காதீர்கள். அவர்கள் செய்தது சரி.

அனுப்புமுன் 12க்கு 15 அங்குலத்தில் ஒரு பிரிண்ட் போட்டிருந்தேன். வீட்டில் மாட்ட மாமியார் விடவில்லை, மீன் காரணமாக. கடைக்காரருக்குக் கொடுப்போம் என்று ஞாயிறு கொண்டுபோனேன். ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

"நல்லா இருக்கு சார். நான் எங்க?"

"இது... பறவை மட்டும் அண்ணே."

"கடை எங்க? தராசு எங்க?"

போனில் அந்த இன்னொரு படம் இருந்தது. காட்டினேன். பக்கத்துக் கடை ஆட்டுக்கறிக்காரரும் வந்து பார்த்தார். மூன்று பேரும் சேர்ந்து பார்த்ததில், குனிகிற பெண்களில் ஒருவர் வீலர் ரோட்டுப் பக்கத்து டீச்சர் என்று தெரிந்தது. "இதப் போடுங்க சார் பெருசா" என்றார் கடைக்காரர். பிறகு போனை மறுபடி வாங்கி, இரண்டு விரலால் பெரிதாக்கி, விலைப்பலகை மேல் கட்டைவிரலை வைத்தார். "மத்தி கிலோ 200னு இருக்கு. இப்போ 280. இத மாட்டினா வர்றவன் எல்லாம் இதக் காட்டி பேரம் பேசுவான். இந்தப் பலகைய மட்டும் எடுத்துடுங்க."

எடுத்தேன். இந்த முறை பையனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, எல்லார் விரலையும் எண்ணிப் பார்த்து எடுத்தேன். அந்தப் படம் சட்டம் போட்டு, தராசுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. அந்தப் பக்கம் வந்தால் பாருங்கள். பலகை இருந்த இடம் இதுதான் என்று சரியாகக் கைகாட்டுகிறவருக்கு அரைக் கிலோ மத்தி, என் கணக்கில். 280 விலைக்கு.